எந்திரத்தில் ரத்தம் உறையலாமா?

விரலில் அரிவாள்மணை பட்டால் ரத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அது உறைந்து, தானே நின்றுவிடுகிறது. இது உடம்பின் காவல். இந்தக் காவலே சில சமயம் எமனாக மாறிவிடுவதும் உண்டு!

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றால், ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுக்கிறார்கள். எந்திரத்தில் வடிகட்டி, திரும்பவும் உடம்புக்குள் விடுகிறார்கள். சாதாரண டயாலிசிஸ் சுமார் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். ரத்த அழுத்தம் தாழ்ந்து கிடப்பவர் அந்த வேகத்தைத் தாங்கமாட்டார். ஆகவே, அவருக்கு இரவு பகலாக 24 மணி நேரமும் மெதுவாகச் சுத்தம் செய்கிறார்கள்.

வெளியே வந்த ரத்தம், குழாயைத் தொட்டதும் உறையப் பார்க்கிறது. உறைந்தால் வடிகட்டி அடைபடும். உள்ளே இருக்கும் ரத்தம் வீணாகும். சிகிச்சையும் நிற்கும்.

பழைய மருந்து

1913-ல் ஜான் ஏபெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நாய்களின் ரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்து பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க, அட்டையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தார்.

1916-ல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ஈரலில் இருந்து எடுத்த ஒரு பொருள் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதைக் கண்டார். அதன் வழியாக வந்ததுதான் "ஹெபாரின்" மருந்து.

இந்த மருந்தில் ஒரு சங்கடம். எந்திரத்தோடு நிற்காமல், உடம்பு முழுவதும் இது பரவிவிடுகிறது. அறுவை செய்த புண் உள்ளவருக்கு ரத்தம் கொட்டலாம்!

எலுமிச்சைச் சத்து

எலுமிச்சம் பழத்தின் புளிப்பிலிருந்து வரும் உப்பு, "சிட்ரேட்". ரத்தம் உறைய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் வேண்டும். எந்திரத்துக்குள் நுழையும் ரத்தத்தில் சிட்ரேட்டைக் கலந்தால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தம் உறைவதில்லை. நோயாளிக்குக் கால்சியத்தைத் தனியாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். உடம்புக்குள் போகும் சிட்ரேட்டை ஈரல் கரைத்துவிடுகிறது.

ஜெர்மனியில் 26 ஆஸ்பத்திரிகளில் 596 நோயாளிகளிடம் இரண்டையும் சோதித்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. நடுத்தரக் கணக்கில், ஹெபாரின் கொடுத்தபோது வடிகட்டி 26 மணி நேரம் உழைத்தது. சிட்ரேட் கொடுத்தபோது 47 மணி நேரம்! ரத்தக்கசிவு 100-க்கு 17 பேர் என்பது 5 பேராகக் குறைந்தது.

ஆனால், சிட்ரேட் பெற்றவர்களுக்குப் புதிய கிருமித் தொற்று அதிகம் வந்தது. சாவு குறைந்ததாகவும் உறுதியாகவில்லை.

எது நல்லது?

ஈரல் நன்றாக உள்ளவருக்கு, முக்கியமாக ரத்தம் கொட்டும் ஆபத்து உள்ளவருக்கு, சிட்ரேட்டே முதலில் வரவேண்டும். "ஹெபாரின் மலிவு, சுலபம்" என்று சிலர் சொல்லலாம். மூளையில் ரத்தம் கசிந்தபின் மலிவு என்ன, சுலபம் என்ன?

அதற்காக, எல்லா இடத்திலும் இன்றே தொடங்கிவிடலாம் என்பதும் தவறு. கால்சியம் அதிகம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நள்ளிரவிலும் சோதிக்க வேண்டும்!

ஆகவே, எந்திரம் வாங்கும் ஆஸ்பத்திரி, கால்சியம் சோதிக்கும் கருவியையும் கூடவே வாங்கவேண்டும். நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். போதுமான நர்சுகளை நியமிக்கவேண்டும். அது வீண் செலவு அல்ல. மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும், விழித்திருக்கும் கண்கள் இல்லாவிட்டால் அது விஷம்தான்!