மதிலை உயர்த்தும் முன் அளந்து பார்ப்போம்

இங்கிலாந்தில் வீடு வாங்கும் நம் குடும்பங்கள் பல, முதலில் தோட்டத்து மதிலை உயர்த்தவே நினைக்கின்றன. வீட்டுப் பெண்கள் மீது பிறர் பார்வை படக்கூடாது என்பது நியாயமான விருப்பம்தான். ஆனால் வாகனம் செல்லும் சாலையை ஒட்டிய மதிலோ வேலியோ 1 மீட்டரையும், மற்ற இடங்களில் 2 மீட்டரையும் தாண்டினால் கவுன்சிலின் அனுமதி வேண்டும்.

‘நான்கு வருடம் ஓடிவிட்டால் யாரும் கேட்க முடியாது’ என்பது பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25 அன்றும் அதற்குப் பின்னரும் கட்டி முடித்தவை மீது 10 ஆண்டுகள் வரை நடவடிக்கை எடுக்கலாம். செலவழித்துக் கட்டியதை நாமே இடிக்க நேரும்.

எல்லைக்கோட்டில் புதுச்சுவர் எழுப்புவோர், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர் சட்டப்படி ஒரு மாதம் முன்பே அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோட்டுக்கு இருபுறமும் அமையும் சுவரென்றால் அவரது சம்மதமும் தேவை. மரவேலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆனால் அண்டை வீட்டாரின் ஹக், சுவருக்கும் வேலிக்கும் ஒன்றுதான். நமக்குத் திரையாகும் மதில் அவர் வீட்டு வெளிச்சத்தை மறைக்கலாம். சட்டம் கேட்காத இடத்திலும் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.