கடல் நம்முடையது, கணக்கு யாருடையது?

1658-ஆம் ஆண்டின் தொடக்கம். ஈராண்டுக்கு முன் கொழும்பைப் பறங்கியரிடமிருந்து பறித்த ஒல்லாந்தக் குழும்பு, வான் கூன்சு என்பவன் தலைமையில் தன் கப்பற்படையைத் தூத்துக்குடிமேல் ஏவிற்று. தூத்துக்குடி வீழ்ந்தது, மன்னார் வீழ்ந்தது, மூன்று திங்களுக்கு மேலான முற்றுகைக்குப்பின் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. அவ்வாண்டே நாகப்பட்டினமும் கைமாறிற்று.

இஃது இரு வல்லரசுகளின் போர் என்று நம் பிள்ளைகள் படிக்கின்றனர். போர் அவர்களது, கடல் எவருடையது? கொற்கை முத்தை உலகுக்கு ஈந்த கடல்! குளித்தவர் பரதவர், மூச்சடக்கியவர் பரதவர், பங்கு பிரித்தவரோ அயலார். யாழ்ப்பாணத் தமிழரசைப் பறங்கியர் 1619-இல் கவர்ந்தனர். 1658-இல் அதனை வென்ற ஒல்லாந்தர் தமிழரிடம் திருப்பித் தந்தனரா? இல்லை. திருடனிடமிருந்து திருடன் பறித்தான். உடையவன் கரையில் நின்று பார்த்தான். தூத்துக்குடி 1825-இல் ஆங்கிலேயனிடம் போயிற்று. அக்கடலில் தமிழன் கப்பல் விட வ.உ.சி. 1906-இல் எழுந்தார், 1908-இல் அவரைச் சிறை விழுங்கிற்று.

வந்தவர் போயினர்; அவர்தம் சொற்கள் போகவில்லை. பறங்கியன் விட்டுச் சென்ற சாவியும் சன்னலும் நம் வீட்டில் உள்ளன. திறவுகோலும் பலகணியும் வெளியே நிற்கின்றன. ஒல்லாந்தன் விட்டுச் சென்றது கக்கூசு! கழிப்பறை என்னும் தமிழிருக்க, அந்த எச்சத்தையும் எத்தனை காலம் சுமப்பது?

இராதாபுரம் வட்டத்துக் கடற்கரையை எண்ணுங்கள். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி! வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குப் பெயர், நீரோட்டத்திற்கு நீவாடு, கடலடிப் பாறைக்குப் பார். கட்டுமரம் மறைந்து விசைப்பொறி ஏறிய படகில் இச்சொற்களுக்கு இடம் குறைகிறது. முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத அகரமுதலி ஒன்று மண்ணுக்குள் போகிறது.

கோட்டையைப் பறிகொடுத்த நம் முன்னோரிடம் படைக்கலம் குறைவாயிருந்தது. சொல்லைப் பறிகொடுக்கும் நமக்கு என்ன குறை? எழுதுகோலும் ஏடும் இல்லையா?

தமிழன்பர்களே! ஊருக்கு இருவர் புறப்படுங்கள். கரையில் அமர்ந்து, வலை பின்னும் பெரியவரிடம் காற்றின் பெயரை, மீனின் பெயரை, பாரின் பெயரைக் கேட்டெழுதுங்கள். கடலைக் கவர்ந்தவன் கணக்கெழுதினான். கடலுக்குரியவன் இனியேனும் தன் கணக்கைத் தன் மொழியில் எழுதட்டும்!