கைமாறிய மோட்டார், மாறாத பெயர்

சென்ற விடுமுறையில் பகாவ் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பாவின் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைப் பதிவிறக்கிக் கொடுத்தேன். காரின் சாலை வரி எப்போது முடிகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். திரையில் இரண்டு வண்டிகள் தெரிந்தன. ஒன்று அவர் ஓட்டும் கார். மற்றொன்று, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்ட கப்சாய் மோட்டார்.

"கிராண்டையும் சேர்த்துத்தானே கொடுத்தேன். இன்னும் ஏன் என் பேர்ல இருக்கு?" என்றார் அப்பா.

வாங்கியவர் அதே தோட்டத்தில் வேலை செய்தவர். "ஒரு வாரத்துல பேரை மாத்திடுறேண்ணே" என்று சொல்லி, பேசிய தொகையை அன்றே கொடுத்துவிட்டார். பிறகு வேலை தேடி ஜொகூர் பக்கம் போனார். அப்பா இப்போது அழைத்துக் கேட்டபோது, அந்த மோட்டாரை வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். அந்த வேறொருவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால், அவர் ஓட்டும் மோட்டாருக்குப் பதிவேட்டில் உரிமையாளர் என் அப்பா.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பலருக்கும் இது பழக்கமான கதையாக இருக்கும். தெரிந்தவரிடம் விற்கிறோம், பணம் வந்துவிட்டது, கிராண்டையும் கொடுத்துவிட்டோம், அத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போது வண்டி மட்டும்தான் கைமாறியிருக்கிறது. கிராண்டு என்பது பதிவைக் காட்டும் தாள். பதிவு இருப்பது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவின் கணினியில். தாளைக் கொடுப்பதால் அங்கே உள்ள பெயர் மாறிவிடாது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வண்டி கைமாறிய 7 நாள்களுக்குள் பதிவு பெற்ற உரிமையாளர் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது, வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விற்றவர் ஒதுங்கிவிட முடியாது. அதே சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி, ஒரு வண்டி குற்றத்தில் சம்பந்தப்பட்டால், அதை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தரும்படி உரிமையாளரிடம் கேட்கலாம். கேமராவில் பதிவாகும் வேகக் குற்றத்துக்கான சம்மன் பதிவேட்டில் உள்ளவரின் முகவரிக்கே வரும். சம்மனையாவது கட்டிவிடலாம். அந்த மோட்டார் ஒரு விபத்திலோ வழிப்பறியிலோ சிக்கினால், போலீஸ் முதலில் தேடி வருவதும் அந்தப் பெயரைத்தான்.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. விற்றவர் பெயரில் உள்ள காப்புறுதி தானாக அவருக்கு மாறாது. விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பது பெரும் சிக்கலாகிவிடும். வங்கிக் கடன் முடியாத வண்டியை 'சம்போங் பாயார்' முறையில் வாங்குவது இன்னும் மோசம். கடன் முடியும்வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். வங்கியின் சம்மதமின்றி அதை இன்னொருவரிடம் ஒப்படைக்க 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தரவில்லை. மாதாமாதம் பணம் கட்டியவரின் வீட்டு வாசலிலிருந்தே வண்டியை இழுத்துச் செல்லலாம்.

இந்தப் பழக்கம் முன்பிருந்தே உள்ளதுதான். ஆனால், இப்போது அதற்கு நாம் கொடுக்கும் விலை கூடியிருக்கிறது. 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய அவசியமில்லை என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். சாலை வரி செயலிக்குள் போய்விட்டது. அது தெரிவதும் பதிவு பெற்ற உரிமையாளரின் செயலியில்தான்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. தகுதி பெற்றவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் பூடி உதவித்தொகை வழங்கப்பட்டது. டீசல் வண்டி வைத்திருப்பவர் என்ற முறையில் அதற்கு விண்ணப்பிக்க, வண்டி விண்ணப்பதாரரின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் பழைய பிக்-அப் லாரியைப் பெயர் மாற்றாமலே வாங்கி ஓட்டுபவர், ஏறிய விலையைக் கொடுத்தே டீசல் போட வேண்டும். அந்த லாரியைக் காட்டி உதவி கேட்க முடியாது. அரசாங்கம் பதிவேட்டைப் பார்த்துச் சலுகை கொடுக்கும் காலத்தில், பெயர் மாற்றாத வண்டி நம் கையிலிருந்தும் நம்முடையதாகாது.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. விற்பவரும் வாங்குபவரும் ஜேபிஜே முகப்பில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றால், நாள் சம்பளக்காரர்களான இருவருக்கும் ஒரு நாள் கூலி போகும். காராக இருந்தால் அதற்கு முன் புஸ்பாகோம் சோதனை வேறு. பழைய சம்மன் நிலுவையில் இருந்து வண்டி கருப்புப் பட்டியலில் சேர்ந்திருந்தால் பெயர் மாற்றவே முடியாது. இரண்டாயிரம் ரிங்கிட் மோட்டாருக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றுவது இயல்பே. நடமாடும் முகப்புகள் மாதம் ஒரு முறையாவது தோட்டங்களுக்கு அருகில் வந்து நின்றால், இந்தத் தயக்கத்தில் பாதி குறைந்துவிடும். தோட்டப்புறச் சேவை மையங்களும் இளைஞர் இயக்கங்களும் இதைக் கோரிக்கையாக எழுப்பலாம்.

அதுவரை, வீட்டில் கைப்பேசியை நன்றாகக் கையாளத் தெரிந்த நாம் செய்யக்கூடியவை உண்டு. பெற்றோரின் பெயரில் எந்தெந்த வண்டிகள் உள்ளன என்று மைஜேபிஜேவில் பாருங்கள். வாங்குவதாக இருந்தால், கிராண்டில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகின்றனவா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரியா, வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். சம்மன் நிலுவை உண்டா என்பதை விற்பவரே தம் கைப்பேசியில் காட்டட்டும். முழுப் பணத்தையும் பெயர் மாறும் நாளில் கொடுங்கள். விற்பதாக இருந்தால், பெயர் மாறும் நாளில்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அப்பா போலீசில் புகார் செய்துவிட்டார். மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் வரும்போதெல்லாம் முதலில் உறையைத் திருப்பி, அனுப்பியது யார் என்று பார்க்கிறார். தெரிந்தவரிடம் போய் எப்படிப் பெயர் மாற்றச் சொல்லி வற்புறுத்துவது என்று அன்று கூச்சப்பட்டவர் அவர். இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் தம் மோட்டாரை விற்கப்போவதாகச் சொன்னதும், "முதல்ல ரெண்டு பேரும் ஜேபிஜே போய்ட்டு வாங்க" என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.