அச்சத்தின் சுவடு

நுழையும்முன்

அச்சம் தவிர்க்கப்பட வேண்டியது என்பது பொது நம்பிக்கை. ஆயினும், மனிதர் விரும்பித் தேடும் உணர்வுகளுள் அச்சமும் ஒன்று. பேய்க்கதை கேட்டு நடுங்கிய குழந்தையே ‘இன்னொரு கதை சொல்’ என்று கேட்பதை எல்லா வீடுகளும் அறியும். அக்கதைகள் இன்று கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளன. சிறு குழுக்கள் உருவாக்கிய அச்சமூட்டும் விளையாட்டுகளும் உயிர்பிழைத்தல் விளையாட்டுகளும் விளையாடுவோர் மனத்தில் எதை எஞ்ச வைக்கின்றன? அவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு சொல்லுக்குள் பல உணர்வுகள்

கணினி விளையாட்டு ஒன்றை ஆடி முடித்த இளைஞரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘பயங்கரமாக இருந்தது’ என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. வீட்டிலுள்ள பெரியோரும் அதே சொல்லைக் கேட்டு, ‘அப்படியானால் அது வேண்டாம்’ என்று முடித்துவிடுகின்றனர். பாராட்டும் கண்டனமும் ஒரே சொல்லில் நின்றுவிடுவதால், எந்த அச்சம், எதன்பொருட்டு, எத்தகைய விளைவோடு என்னும் கேள்விகள் எழாமலே போகின்றன.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் களங்கள் என்று வகுத்தார். இந்நான்கிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவை யாவும் எதிர்ப்படுவோரின் ஆற்றலை விஞ்சி நிற்பவை. எதிர்க்க இயலாமை என்னும் நிலத்தில்தான் அச்சம் முளைக்கிறது. கணினி விளையாட்டை மதிப்பிடுவதற்கும் இக்கருத்து துணைசெய்யும். எதிர்ப்படும் பகை எதுவாயினும் அதை வீழ்த்தும் துப்பாக்கி கையில் இருக்குமானால், அங்கே அச்சம் குறைந்து வெற்றிக் களிப்பே மிகும். ஆயுதம் பறிக்கப்படும் இடத்திலேயே அச்சம் தொடங்குகிறது.

ஆயுதமில்லாத கை

பெரிய வெளியீட்டு நிறுவனங்களின் முதலீட்டையும் ஆணையையும் சாராமல், ஒருவரோ சிறு குழுவினரோ உருவாக்குபவை தற்சார்பு விளையாட்டுகள் எனப்படும். அவர்களிடம் பொருள்வளம் குறைவு. பெரும்படைகளையும் பேருருவங்களையும் காட்டுவதற்குப் பணம் வேண்டும். இருளுக்குள் மறைத்து வைப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. வறுமை தந்த இக்கட்டாயமே அச்சக்கலையில் அவர்களுக்கு வலிமையாயிற்று.

சுவீடன் நாட்டின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் என்னும் சிறு குழு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ இதற்குச் சிறந்த சான்று. நினைவிழந்த டேனியல் என்பவன் 1839ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுக் கோட்டை ஒன்றில் விழித்தெழுகிறான். அவனிடம் வாளோ துப்பாக்கியோ இல்லை. ஒளிந்துகொள்வதும் ஓடுவதுமே அவனால் இயலும். விளக்கெண்ணெய்க்கும் அளவு உண்டு. இருளில் நின்றால் அவன் மனம் தடுமாறும். விளக்கை ஏற்றினால் பகை அவனைக் கண்டுகொள்ளும். ஒளி வேண்டுமா, மறைவு வேண்டுமா என்று ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடியில் விளையாடுபவர் நிறுத்தப்படுகிறார்.

அவ்விளையாட்டில் நீர் சூழ்ந்த நிலவறை ஒன்று வருகிறது. அங்கு உலவும் உயிரின் உருவம் இறுதிவரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீர்ப்பரப்பில் எழும் தெறிப்பு மட்டுமே அதன் வருகையை உணர்த்தும். விளையாடுபவர் மரப்பெட்டிகளின் மீது தாவித் தாவிக் கடக்க வேண்டும். காணாத ஒன்றைப் பற்றிய கற்பனையை அவர் மனமே வரைந்துகொள்கிறது. அதனால்தான் அந்நிலவறை பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்கிறது. நல்ல கவிஞன் பாதியைச் சொல்லி மீதியைக் கற்பார் உள்ளத்தில் விளையவிடுவதற்கு ஒப்பான செயல் இது.

திடுக்கிடலும் அச்சமும்

அமைதியான அறையில் ஒருவர் பின்னாலிருந்து கைதட்டினால் யாரும் துள்ளுவர். அது உடலின் அனிச்சைச் செயல், நொடியில் மறையும். அச்சமோ வருவதை எதிர்நோக்கும் மனத்தின் செயல். அது நின்று வளரும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே அச்சமூட்டும் விளையாட்டைத் திறனாய்வதன் முதற்படி.

2014ஆம் ஆண்டு ஸ்காட் காத்தன் என்னும் அமெரிக்கர் தனியொருவராக உருவாக்கிய ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’ விளையாட்டில் இவ்விரண்டும் கலந்துள்ளன. அதற்கு முன்னர் அவர் குழந்தைகளுக்காகச் செய்த விளையாட்டு ஒன்றின் பாத்திரங்கள் அச்சமூட்டும் இயந்திரப் பொம்மைகள்போல் அசைகின்றன என்று சிலர் குறைகூறினர். அக்குறையையே அவர் புதிய படைப்பின் கருவாக்கிக்கொண்டார். இரவுக் காவலர் ஒருவர் சிற்றறையில் அமர்ந்து, கண்காணிப்புக் கருவிகளின் வழியே பொம்மைகளின் நடமாட்டத்தைக் கவனிக்கிறார். கதவை மூடினாலும் விளக்கைப் போட்டாலும் மின்சாரம் செலவாகும்; அதற்கோ வரம்பு உண்டு. விடியற்காலை ஆறு மணிவரை அது தாங்க வேண்டும். இக்கணக்கும் காத்திருப்பும் அச்சத்தை விளைவிக்கின்றன. முடிவில் திரையை நிறைத்து எழும் அலறல் திடுக்கிடலையே தருகிறது.

பிறர் விளையாடுவதைக் காணொலியில் பார்ப்போருக்குக் கிட்டுவது பெரும்பாலும் அந்த அலறல் மட்டுமே. காத்திருப்பின் சுமையை விளையாடுபவர் தனியாகத் தாங்குகிறார். இதனை உணராமல் அலறலை மட்டும் நகலெடுத்த விளையாட்டுகள் பல, ஒருமுறை துள்ள வைத்து மறக்கப்பட்டுவிட்டன.

பசியும் மூச்சும்

உயிர்பிழைத்தல் விளையாட்டுகள் அச்சத்தை வேறு வழியில் பிறப்பிக்கின்றன. அங்குப் பகை வெளியில் மட்டும் இல்லை. உடலின் தேவைகளே நெருக்குகின்றன. கனடாவின் க்ளே நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டோன்ட் ஸ்டார்வ்’ விளையாட்டில் பசியும் குளிரும் இருளும் ஒருங்கே துரத்துகின்றன. கோடையில் விறகு சேர்க்காதவர் குளிர்காலத்தில் மடிகிறார். மடிந்தால் பெரும்பாலும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். முன்னேற்பாடு என்னும் சொல்லின் பொருளை அது வலியோடு உணர்த்துகிறது.

அமெரிக்காவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் குழு 2018ஆம் ஆண்டு முழுமையாக வெளியிட்ட ‘சப்நாட்டிகா’ வேற்றுக்கோள் ஒன்றின் கடலுக்குள் விளையாடுபவரை இறக்குகிறது. எத்தனை ஆழம் செல்லலாம் என்பதை மார்பில் தங்கியிருக்கும் மூச்சே முடிவுசெய்கிறது. பேருயிர் ஒன்றின் உறுமல் முதலில் கேட்கும். அதன் உருவம் பிறகே தெரியும். ஆனால் அதைக் கொல்வதற்கான துப்பாக்கிகள் அங்கு இல்லை. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமை, அவ்விளையாட்டை வடிவமைத்த சார்லி கிளீவ்லாந்தின் மனத்தை உலுக்கியது. உலகில் இன்னும் சில துப்பாக்கிகளைச் சேர்க்க வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தார். அம்முடிவால் விளையாடுவோர் அடையும் அனுபவமே மாறியது. அஞ்சிய உயிரைச் சுட்டு வீழ்த்த வழியின்றி, அதன் இயல்பை அறிந்து விலகிச் செல்லவும் அதனோடு அதே கடலில் வாழவும் அவர்கள் பழகுகின்றனர். அச்சம் ஆராய்ச்சியாக முதிர்கிறது.

போரின் உள்ளறை

இவ்வகையின் எல்லையை விரித்த படைப்பு, போலந்தின் வார்சா நகரைச் சேர்ந்த 11 பிட் ஸ்டுடியோஸ் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’. போஸ்னியாவின் தலைநகரான சாராயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டிருந்தபோது அங்குச் சிக்கிய பொதுமக்கள் பட்ட துன்பம் இதற்குத் தூண்டுகோலாயிற்று. போர் விளையாட்டுகள் வழக்கமாக வீரனின் கண்வழியே விரியும். இதுவோ இடிந்த வீட்டுக்குள் ஒடுங்கிய எளியோரின் கண்வழியே விரிகிறது. பகலில் மறைந்திருந்து சுடுவோருக்கு அஞ்சி அவர்கள் வெளியே செல்வதில்லை. அடுப்பும் படுக்கையும் செய்துகொள்கின்றனர். இரவில் ஒருவர் மட்டும் உணவும் மருந்தும் தேடிப் புறப்படுகிறார். போர் எந்நாளில் முடியும் என்பது அவர்களுக்கும் தெரியாது, விளையாடுபவருக்கும் தெரியாது.

ஓர் இரவில் அமைதியான வீடொன்று எதிர்ப்படுகிறது. அங்கே ஆயுதமில்லாத முதியோர் இருவர் வாழ்கின்றனர். அவர்களிடம் உணவு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. தன் வீட்டில் நோயுற்றவர் காத்திருக்க, விளையாடுபவர் அவற்றை எடுத்துச் செல்லலாம். தடுக்க வலியவர் யாரும் இல்லை. எடுத்து வந்த பின்னரோ, திரையில் உள்ள மாந்தர் தம் செயலை எண்ணிக் குமைந்து சோர்ந்துபோகின்றனர். இங்குப் பேய் இல்லை, விலங்கும் இல்லை. பசி வந்தால் எவ்வளவு தாழ்ந்துபோவேன் என்று தன்னைக் குறித்தே எழும் அச்சம்தான் இருக்கிறது. நாவலைப் படிப்பவர் பாத்திரத்தின் பிழைக்காக வருந்தலாம். இங்கே பிழை செய்தது அவருடைய விரலே.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் போலந்து நாட்டின் பிரதமர், இவ்விளையாட்டு பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கப்படும் என்று அறிவித்தார். நூலும் திரைப்படமும் பெற்ற கல்வித் தகுதியை ஒரு கணினி விளையாட்டும் பெற்றது. அதே வேளையில், அது வயதுவந்தோர்க்கு உரியதென வகைப்படுத்தப்பட்டமையால் 18 வயது நிறைந்த மாணவர்க்கே அங்கும் உரியதாயிற்று. மதிப்பும் வரம்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறுப்புகளும் விடைகளும்

பிறர் பட்ட துன்பத்தை விளையாட்டாக்குவது முறையா என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்வி இது. அவலத்தைப் பாடிய காப்பியங்களும் நாடகங்களும் அதே கேள்விக்கு விடைசொல்லியே நிலைத்தன. துன்பத்தைக் காட்டிக் களிப்பூட்டினால் அது இழிவு. துன்புற்றோரின் நிலையில் நிறுத்திச் சிந்திக்கவைத்தால் அது கலை. ‘திஸ் வார் ஆஃப் மைன்’ வெற்றி முழக்கத்தோடு முடிவதில்லை. பிழைத்தவர் பிழைத்தார், இழந்தவர் இழந்தார் என்னும் கணக்கோடு முடிகிறது.

உறக்கம் கெடும், படிப்புக் கெடும் என்னும் பெற்றோரின் கவலையும் புறந்தள்ளத்தக்கதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் விளையாட்டுச் சீர்குலைவும் இடம்பெற்றுள்ளது. விளையாட்டின்மீது கட்டுப்பாடு இழத்தல், ஏனைய ஈடுபாடுகளைவிட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவை அதன் கூறுகள். இவை விளையாடும் முறையைச் சார்ந்தவை. விளையாட்டின் பொருள் அச்சமா நகையா என்பதைச் சார்ந்தவை அல்ல. எனினும், ஒரே அச்சம் ஒருவருக்குச் சுவையாகவும் மற்றொருவருக்குக் காயமாகவும் ஆகக்கூடும். வயது வரம்பைப் பார்ப்பதும், தாங்க இயலாத இடத்தில் நிறுத்துவதும் கோழைத்தனம் ஆகா. நண்பர்முன் துணிவைக் காட்டுவதற்காக அஞ்சி அஞ்சி ஆடுபவர், விளையாட்டின் சுவையையும் இழக்கிறார். தம் உறக்கத்தையும் இழக்கிறார்.

சொல்லத் தெரிந்தவரின் வலிமை

விளையாடுவோரின் கருத்துக்கு விளையாட்டையே மாற்றும் ஆற்றல் உண்டு. ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சோமா’, கடலடி ஆய்வுக்கூடம் ஒன்றில் நிகழும் கதை. ஒருவரின் நினைவுகளை அப்படியே படியெடுத்து வேறோர் உடலில் வைத்தால், அவர் பழையவரா, புதியவரா என்று அது கேட்கிறது. அக்கேள்வியே ஆழ்ந்த அச்சம் தருகிறது, துரத்தும் உயிர்கள் அதனைச் சிந்திக்கவிடாமல் இடையூறு செய்கின்றன என்று விளையாடியோர் சிலர் கருதினர். அவ்வுயிர்கள் தாக்காதவாறு மாற்றியமைத்த வடிவம் ஒன்றும் அவர்களிடையே தோன்றியது. பின்னர், 2017ஆம் ஆண்டு, படைப்பாளர்களே விளையாடுபவர் மடியாத ‘பாதுகாப்பு முறை’ ஒன்றை இணைத்தனர். ‘சப்நாட்டிகா’வும் முற்றுப்பெறாத நிலையில் 2014ஆம் ஆண்டிலேயே மக்களிடம் தரப்பட்டு, அவர்தம் கருத்துகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது.

‘பயங்கரமாக இருந்தது’ என்று மட்டும் சொன்னவர்களால் இம்மாற்றம் நிகழவில்லை. எங்கே அஞ்சினோம், எங்கே சலித்தோம், எங்கே வெட்கப்பட்டோம் என்று பிரித்துச் சொன்னவர்களால் நிகழ்ந்தது. கவிதையின் நயத்தை எடுத்துரைக்கக் கற்ற மாணவருக்கு இது புதிய திறன் அன்று. அதே கூர்மையைத் தாம் ஆடும் விளையாட்டின்மீதும் அவர் செலுத்தலாம். அவ்வாறு எடுத்துரைக்கும் மாணவரிடம் பெற்றோரும் ஆசிரியரும் தடை விதிப்பதற்குமுன் உரையாடத் தொடங்குவர்.

அச்சமூட்டும் விளையாட்டின் தரத்தை அது எழுப்பிய அலறலின் உரப்பு அளக்காது. கணினி அணைந்த பின் மனத்தில் தங்கும் சுவடே அதை அளக்கும். முதியோர் வீட்டிலிருந்து மருந்தை எடுத்த கை, திரைக்கு வெளியே ஒருமுறை தயங்குமானால், அந்த அச்சம் வீண்போகவில்லை.