செயலி யாருடைய கையில் இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, மட்டக்களப்பு–கல்முனை வீதியை ஒட்டி நீண்டு கிடக்கும் பெரியகல்லாற்றில் வியாபாரம் பெரும்பாலும் முகம் தெரிந்தவர்களுக்குள் நடப்பது. கடன் கொப்பியில் எந்த வீட்டுப் பெயர் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று பலசரக்குக் கடைக்காரருக்குப் பார்க்காமலே தெரியும். அப்படிப்பட்ட ஊர்களிலும் இன்று கடைக்கு ஒரு செயலி, தயிர் விற்பனைக்கு ஒரு செயலி, ரியூஷன் வகுப்புக்கு ஒரு செயலி என்ற ஆசை பிறந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் பணம் அனுப்பக்கூடும்; கணினி படித்த பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். பேச்சுத் தொடங்கிய உடனேயே, ஃபிளட்டரில் செய்வதா, ரியாக்ட் நேட்டிவில் செய்வதா, அன்ட்ரொய்டுக்கு மட்டுமா, ஐபோனுக்கும் சேர்த்தா என்று கருவிகளைப் பற்றிய வாக்குவாதமாக அது மாறிவிடுகிறது. அவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான்; ஆனால் இரண்டாவதாகக் கேட்கவேண்டியவை. அந்தச் செயலி யாருடைய கையில் இருக்கப்போகிறது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிறிய வியாபாரம் ஒன்றின் முதற் செயலி கடைக்காரரின் கையில் இருக்கட்டும். வாங்க வருகிறவரிடம் எதையும் நிறுவும்படி கேட்கவேண்டாம் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று தேடிக் கொழும்புக்கோ அமெரிக்காவுக்கோ போகத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்ற எவருக்கும் அது தெரியும். அந்த ஆண்டு ஜூலையில் அரசாங்கம் தேசிய எரிபொருள் அனுமதி முறையை அறிமுகப்படுத்தியது; ஓகஸ்ட் முதல் நாடு முழுவதும் அதன்படியே பெற்றோலும் டீசலும் வழங்கப்பட்டன. வாகன உரிமையாளர் ஓர் இணையத்தளத்துக்குப் போய், அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் பதிவு இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் கொடுத்து, கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எண்ணால் உறுதிசெய்துவிட்டால் அவருக்கு ஒரு கியூஆர் குறியீடு கிடைத்தது. அதை ஒரு படமாகத் தொலைபேசியில் வைத்திருக்கலாம். கடதாசியில் அச்சிட்டு, பிளாஸ்ரிக் உறை போட்டுச் சட்டைப்பையிலும் வைத்திருக்கலாம். செயலி இருந்தது பம்பருகில் நின்ற ஊழியரிடம். அவர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் அந்த வாரத்துக்குரிய பங்கு கழிந்தது: தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். ஸ்மார்ட்போன் இல்லாத வயோதிபர்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஒருமுறை பதிந்துவிட்டு, அச்சிட்ட தாளோடு ஓராண்டுக்கு மேல் எரிபொருள் நிரப்ப முடிந்தது. ஆரம்ப நாட்களின் தடுமாற்றங்களை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் இந்த நாட்டில் மிக விரைவாகப் பரவிய எண்ணிம ஏற்பாடுகளில் அது ஒன்று. பொதுமக்களின் தொலைபேசியில் எதையும் நிறுவச் சொல்லாமலே அது பரவியது.

எரிபொருளுக்கு வேறு வழியில்லாததால்தான் மக்கள் பதிந்தார்கள், கட்டாயத்தில் நடந்ததை வியாபாரத்துக்கு உதாரணம் காட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வி என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. செயலியை நிறுவினால்தான் பெற்றோல் என்று அரசாங்கம் சொல்லியிருந்தால் மறுக்க எவராலும் முடிந்திராது. அத்தனை அதிகாரம் கையில் இருந்தும் அந்த முறை இணையப் பக்கத்தோடும் ஒரு தாளோடும் நின்றுகொண்டது. அந்த அதிகாரத்தில் நூறில் ஒரு பங்கும் இல்லாத தயிர்க் கடைக்காரர், ஒரு சட்டித் தயிருக்காக வாடிக்கையாளரின் தொலைபேசியில் இடம் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? இதே வழியைத்தான் இலங்கை மத்திய வங்கி 2018இல் கியூஆர் கொடுப்பனவுக்கான நியமமாக அறிவித்த லங்காகியூஆரும் காட்டுகிறது. கடைக்காரர் மேசையில் ஓர் அட்டையை வைத்தால் போதும். வாங்குகிறவர் தன் வங்கியின் செயலியால் பணம் செலுத்திவிட்டுப் போகிறார். மற்றவர்கள் செலவழித்துக் கட்டிய செயலி வாடிக்கையாளரின் கையில் ஏற்கெனவே இருக்கும்போது அதே வேலைக்கு இன்னொன்றைக் கட்டுவது வீண்.

எதிர்வழியில் போய்ப் பார்த்த பெரிய நிறுவனங்களும் உண்டு. இந்தியாவின் மிந்த்ரா ஆடை விற்பனை நிறுவனம் 2015 மே மாதம் தன் இணையத்தளத்தை மூடிவிட்டு, இனிச் செயலி வழியாக மட்டுமே வாங்கலாம் என்று அறிவித்தது. அதற்குப் பின்னால் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டின் பணமும், நாடெங்கும் விளம்பரமும், விலைக் கழிவுகளும் இருந்தன. அப்படியிருந்தும் 2016இன் முற்பகுதியில் தொலைபேசிக்கான இணையப் பக்கத்தையும், ஜூனில் கணினிக்கான தளத்தையும் திரும்பத் திறக்கவேண்டியதாயிற்று. இதற்கிடையில், 2015 நவம்பரில், ஃபிளிப்கார்ட்டே உலாவியில் செயலியைப் போல இயங்கும் இலகுவான இணையப் பதிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தது. மலிவான தொலைபேசியும் மெதுவான இணைப்பும் வைத்திருப்பவரை உலாவியிலேயே போய்ச் சந்திக்கவேண்டும் என்று அந்தப் பெரிய நிறுவனமே உணர்ந்திருந்தது. படம் எடுத்து எடுத்து நினைவகம் நிரம்பிய தொலைபேசியில் எதை அழிக்கலாம் என்று தேடுகிறவர், பேரப்பிள்ளையின் படத்தை அழிக்கமாட்டார். மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் கடைச் செயலிதான் முதலில் போகும்.

கருவிகளைப் பற்றிய வாக்குவாதத்துக்கு இனி வருவோம். ஃபேஸ்புக் நிறுவனம் தன் செயலியை இணையத் தொழில்நுட்பத்தில் கட்டிப் பார்த்து, அது மந்தமாக இருந்ததால் 2012இல் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் உரிய மொழியில் எழுதும் முறைக்கு மாறியது. இணையத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்ததைப் பெரும் பிழை என்று மார்க் சக்கர்பேர்க் அப்போது ஒப்புக்கொண்டார். பின்னர் அதே நிறுவனம், ஒருமுறை எழுதியதை ஐபோனிலும் அன்ட்ரொய்டிலும் இயக்க உதவும் ரியாக்ட் நேட்டிவை 2015இல் வெளியிட்டது. அதை 2016இல் எடுத்துக்கொண்ட, தங்குமிடங்களை வாடகைக்குப் பதிய உதவும் ஏர்பிஎன்பி, இரண்டே ஆண்டுகளில் கைவிடுவதாக அறிவித்தது. இணையக் கடைகளுக்கு மென்பொருள் வழங்கும் ஷொப்பிஃபையோ 2020இல் தன் புதிய செயலிகள் எல்லாவற்றையும் அதிலேயே கட்டப்போவதாக அறிவித்து, அந்த வழியிலேயே தொடர்ந்தது. ஒரே கருவி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முடிவுகள். இரண்டுக்கும் காரணம் அந்தந்த நிறுவனத்தின் ஆட்பலமும் பழைய மென்பொருளும் வேலையின் தன்மையும். ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது.

பெரியகல்லாற்று வியாபாரி ஒருவருக்கு இந்தக் குழப்பத்திலிருந்து வெளியேற எளிய வழி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எந்தத் தொலைபேசி வைத்திருப்பார் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. தன் கடையில் எந்தத் தொலைபேசி இருக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கலாம். சரக்கு இருப்பு, கடன் கணக்கு, கொண்டுபோய்க் கொடுக்கும் பொதிகளின் பட்டியல், பற்றுச்சீட்டு அச்சிடும் சிறு கருவி ஆகியவற்றை இணைக்கும் செயலி, கடையில் வாங்கி வைத்த ஒரு சாதாரண அன்ட்ரொய்ட் தொலைபேசியில் நன்றாக இயங்கினால் போதும். ஐபோன் பதிப்புக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு தளங்களுக்கும் கட்டவேண்டும் என்ற சுமை இறங்கிவிட்டால், ஃபிளட்டரா மற்றதா என்ற சண்டையின் காரமும் பாதி தணிந்துவிடும். ஊரில் எந்தப் பிள்ளைக்கு எது நன்றாகக் கைவருகிறதோ, அவர் போன பிறகு இன்னொருவர் எடுத்துத் திருத்தக்கூடியது எதுவோ, அதைத் தெரிவு செய்யலாம். வாங்குகிறவர் பக்கத்துக்கு, வேகமாகத் திறக்கும் ஓர் இணையப் பக்கமும் எல்லோரும் பழகிவிட்ட வட்ஸ்அப்பும் போதும்.

செயலியின் விலையை அதைக் கட்டும் கூலியோடு முடித்துக் கணக்கிடுவது இன்னொரு பிழை. அப்பிளின் கடையில் ஒரு செயலியை வைத்திருக்க ஆண்டுதோறும் 99 டொலர் கட்டவேண்டும். 2022இல் ஒரு சில மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டதைக் கண்ட நாட்டில் இது சிறிய விடயம் அல்ல. கூகுளின் கட்டணம் ஒருமுறை செலுத்தும் 25 டொலர்தான் என்றாலும் அங்கே வேறு வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய அன்ட்ரொய்ட் பதிப்புக்கு ஏற்பச் செயலியைத் திருத்திக்கொண்டே வரவேண்டும்; கவனிப்பாரற்று விட்டால் சில ஆண்டுகளில் புதிய தொலைபேசி வாங்கியவர்களின் தேடலில் அது தென்படாமலே போகும். 2023 நவம்பருக்குப் பின் திறக்கப்பட்ட தனிநபர் கணக்கென்றால், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் 14 நாட்கள் தொடர்ந்து பரிசோதிக்கவும் வேண்டும். தோணி வாங்கியவர் அதற்குத் தார் பூசும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார். செயலிக்கும் அந்தக் கணக்கு உண்டு.

மொழியும் இந்தத் தெரிவைப் பாதிக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் எழுதினால் 70 குறிகளோடு நின்றுவிடும். ‘கொ’, ‘க்’ போன்ற ஒவ்வொன்றும் இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால் உண்மையில் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் வெட்டுப்பட்டு நிற்பதைப் பல செயலிகளில் காணலாம். கட்டி முடித்தபின் தமிழைச் சேர்ப்போம் என்று தொடங்குகிறவர்கள் இந்த விலையைக் கொடுக்கிறார்கள். முதல் வரைபடத்தையே தமிழில் வரைந்து, வெயிலில் நின்றபடி ஒரு கையில் மீன்கூடையோடு படிக்கக்கூடிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், பின்னால் ஆங்கிலமோ சிங்களமோ சேர்ப்பது சிரமமாக இராது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. வாடகை வாகனம் அழைக்கும் பிக்மி செயலியாகத்தானே வளர்ந்தது என்பது முதலாவது. உண்மை, 2015இல் தொடங்கி, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் அது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தின் இடத்தைக் கணந்தோறும் அறியவேண்டிய வேலை அதனுடையது. ஒரே ஆள் வாரத்தில் பலமுறை திறக்கக்கூடியது. அந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரு வியாபாரத்துக்குப் பொருந்தினால் வாடிக்கையாளர் செயலியும் பொருந்தும். இணைப்பு அறுந்தால் இணையப் பக்கம் என்ன செய்யும் என்பது இரண்டாவது மறுப்பு. சிக்னல் கிடைக்காத இடத்திலும் தொடரவேண்டியது எடை பதிகிறவரின், பணம் வாங்குகிறவரின் வேலை. அது கடைப்பக்கச் செயலியில் தொலைபேசிக்குள்ளேயே பதிவாகி, இணைப்பு வந்ததும் மேலே போகட்டும். புதிய சரக்கு வந்ததை அறிவிக்கச் செயலி வேண்டாமா என்று கேட்போருக்கு, உலாவி வழி அறிவிப்பு அன்ட்ரொய்டில் நெடுங்காலமாக இருப்பதையும், முகப்புத் திரையில் சேர்த்த இணையப் பக்கங்களுக்கு ஐபோனும் 2023இல் அந்த வசதியைக் கொடுத்ததையும் சொல்லலாம்.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிடக் கனமானது. வட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக்கையும் நம்பினால் வாடிக்கையாளர் நமக்குச் சொந்தமா, அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குச் சொந்தமா? ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டால் கடையே மூடியது போலாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, வாடிக்கையாளர் பட்டியலும் கடன் கணக்கும் சொந்தப் பெயரில் பதிந்த இணையத்தளத்திலும் கடைப்பக்கச் செயலியிலும் இருப்பது. வட்ஸ்அப் கதவாக மட்டும் இருக்கட்டும், பெட்டகம் வேறாக இருக்கட்டும். அப்படிச் சேர்த்த விபரங்களுக்குப் பொறுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது. யார் எவ்வளவு கடன் என்பது சிறிய ஊரில் எவ்வளவு நுட்பமான விடயம் என்று அந்தச் சட்டம் வருமுன்னரே கடைக்காரர்கள் அறிவார்கள்.

இப்படிச் சுருக்கினால் ஊர்ப் பிள்ளைகளின் தொழிலைக் கெடுப்பதாகாதா என்ற குறை எஞ்சுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. யாரும் திறக்காத பத்துச் செயலிகளைக் கட்டியவரைவிட, ஒரு கடையின் கணக்கை மூன்று வருடம் பிழையின்றி ஓடவைத்தவருக்கே அடுத்த வேலை வரும். ஆனால் உடன்படிக்கை தெளிவாக இருக்கவேண்டும்: மூலநிரல் யாருக்கு உரியது, கணக்குகளும் இணையப் பெயரும் யாருடைய பெயரில் இருக்கின்றன, வருடாந்தத் திருத்தத்துக்குக் கூலி என்ன என்பவை எழுத்தில் வேண்டும். உறவுக்காரப் பிள்ளை என்பதற்காக இதை எழுதாமல் விட்டால், பிள்ளை வெளிநாடு போகும் நாளில் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.

வாடிக்கையாளர் செயலி ஒருபோதும் வேண்டாம் என்பது என் முடிவு அல்ல. அதற்கான நாள் எது என்பதை வாவியைக் கடக்கிறவர்கள் அறிவார்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில், மண்முனையில், நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகே ஓடியது. ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் அதுதான் கடத்தியது. ஜப்பானின் உதவியோடு அங்கே கட்டிய பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, அந்த இடத்தில் பாலம் தேவையா என்று கரையில் காத்துக் கிடந்த எவரும் கேட்கவில்லை. இணையப் பக்கத்திலும் வட்ஸ்அப்பிலும் வாரத்துக்கு இருமுறை, மும்முறை அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து, இன்னும் விரைவான வழி இல்லையா என்று கடைக்காரரிடம் கேட்கத் தொடங்கும்போது கட்டலாம். அதுவரை, கடைக்காரரின் மேசையில் கிடக்கும் அந்த ஒற்றைத் தொலைபேசி கடன் கொப்பியைப் போல நம்பகமாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலேயே பணத்தையும் பிள்ளைகளின் திறமையையும் செலவிடலாம்.