மூன்றாம் தசமம் தரச் சான்று அல்ல

கோவை, ஓசூர், அம்பத்தூர் என்று எந்த ஊரில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துபவரிடம் பேசினாலும் ஓர் அறிவுரை காதில் விழும். "பழைய கருவிகளை ஓரங்கட்டிவிட்டு டிஜிட்டலுக்கு மாறுங்க. வசதிப்பட்டா ஒரு சிஎம்எம் (ப்ரோப்பால் புள்ளிகளைத் தொட்டு அளக்கும் இயந்திரம்) வாங்கிப் போடுங்க. வெளியே போற ஒவ்வொரு ஜாபையும் அளந்து அனுப்புங்க. ரிஜெக்ஷன் தன்னால நின்னுடும்." கருவி விற்பவர் இதைச் சொல்வதில் வியப்பில்லை. பட்டறை முதலாளிகளும் இதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கடன் வாங்கிக் கருவி வாங்குவதுதான் கவலை தருகிறது.

நல்ல கருவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கருவியின் விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற கணக்குதான் தவறு. அந்த அறிவுரைக்குள் ஐந்து நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்று: "திரையில் எத்தனை இலக்கமோ அத்தனை துல்லியம்."

டிஜிட்டல் காலிபர் 0.01 மி.மீ. வரை காட்டும். ஆனால் 150 மி.மீ. காலிபருக்குத் தயாரிப்பாளரே சொல்லும் பிழை பெரும்பாலும் கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. இருக்கும். இப்போது 25 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எச்7 டாலரன்ஸ். 24.979 முதல் 25.000 வரை அனுமதி, அதாவது மொத்தமே 21 மைக்ரான். காலிபரின் பிழை வீச்சோ 40 மைக்ரான். திரையில் 24.99 என்று தெரிந்தால் உண்மையான அளவு 24.97 ஆகவும் இருக்கலாம், 25.01 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே ரிஜெக்ட். இந்த ஜாபைக் காலிபரால் தீர்ப்பதும் பூவா தலையா போடுவதும் ஒன்றுதான்.

இதன் காரணத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-லேயே விளக்கிவிட்டார். அளக்கும் அளவுகோலும் அளக்கப்படும் நீளமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காலிபரில் அளவுகோல் மேலே இருக்கிறது, ஜாப் கீழே தாடைகளுக்கு நடுவில் இருக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தாடை சாயும், அளவு மாறும். மைக்ரோமீட்டரில் திருகும் ஜாபும் ஒரே கோட்டில் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. பழகிய கை பிடிக்கும் பழைய கோடு போட்ட மைக்ரோமீட்டர், பளபளக்கும் டிஜிட்டல் காலிபரை இந்த வேலையில் எளிதாக வென்றுவிடும். கருவியைத் தேர்ந்தெடுக்கத் திரை உதவாது. டாலரன்ஸைத்தான் பார்க்க வேண்டும். கருவியின் பிழை டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் நெடுங்காலமாக உள்ள பொது விதி.

இரண்டு: "காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறது, அளவு சரியாகத்தான் இருக்கும்."

சான்றிதழ் சொல்வது, அந்தக் கருவி அன்றைய தினம், 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஆய்வகத்தில், பழகிய ஒருவர் கையில் எப்படி நடந்துகொண்டது என்பதை மட்டும்தான். அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. நம் பட்டறையில் மதியம் 35-ஐத் தாண்டும்.

80 மி.மீ. உள்விட்டம் கொண்ட அலுமினிய ஜாப் இயந்திரத்திலிருந்து 40 டிகிரி சூட்டில் இறங்குகிறது என்று வையுங்கள். அது 20 டிகிரிக்குத் திரும்பும்போது விட்டம் சுமார் 37 மைக்ரான் சுருங்கும். அந்த அளவுத் துளைக்கு எச்7 டாலரன்ஸ் வெறும் 30 மைக்ரான். சூட்டோடு சூடாக 'ஓகே' வாங்கிய ஜாப், வாடிக்கையாளரின் குளிரூட்டிய அறையில் ரிஜெக்ட் ஆகிறது. கருவியும் அதே சூட்டில் இருந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கருவியின் எஃகு, அலுமினியம் விரிவதில் பாதியளவே விரியும். எனவே பாதிப் பிழைதான் ஈடாகும். ஜாபையும் செட்டிங் ரிங்கையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட் மேல் ஆறவிட்டு அளப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் எந்தச் சான்றிதழும் அதை நமக்காகச் செய்து தராது.

சான்றிதழில் நம் பட்டறையில் அளப்பவரின் கையும் இல்லை. பத்து ஜாப், மூன்று ஆட்கள், ஆளுக்கு இரண்டு மூன்று முறை என்று அளக்க வைத்துப் பார்க்கும் 'கேஜ் ஆர் அண்ட் ஆர்' சோதனை அதற்குத்தான். வாகனத் துறையின் வழக்கப்படி, கருவியும் ஆளும் சேர்ந்து உண்டாக்கும் வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவீடே செல்லாது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் எத்தனை பட்டறையில் இந்தச் சோதனை நடக்கிறது?

மூன்று: "சிஎம்எம் வந்துவிட்டால் கேஜுக்கு வேலை இல்லை."

சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் ஒரு பழைய தொல்லை உண்டு. ஜாப் வட்டமாக வராமல், மூன்று பக்கம் லேசாகப் புடைத்த வடிவில் வரும். மைக்ரோமீட்டரை எந்தத் திசையில் வைத்தாலும் ஒரே விட்டம்தான் காட்டும். சிஎம்எம் ப்ரோப் மூன்றே புள்ளிகளைத் தொட்டு வட்டம் கணக்கிட்டால், பிசகில்லாத வட்டம் என்றுதான் அறிக்கை வரும். எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு வட்டம் போகும் என்பது பள்ளிக் கணக்கு. அதே ஜாப் ரிங் கேஜுக்குள் நுழைய மறுக்கும். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜின் கீழ் உருட்டினால் முள் ஆடும்.

'கோ' (பொருந்த வேண்டிய) கேஜ் முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும், 'நோ-கோ' (பொருந்தக் கூடாத) கேஜ் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று வில்லியம் டெய்லர் 1905-லேயே சொன்னார். சிக்கலான வளைவுகளுக்கும் துளைகளுக்கிடையிலான தூரங்களுக்கும் சிஎம்எம் போல வேறில்லை. ஆனால் எத்தனை புள்ளியைத் தொட வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்கு, ஜாப் எந்த இயந்திரத்தில் எப்படிக் கெடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு: "இரண்டு கருவிகள் முரண்பட்டால் உயர்ந்த கருவியை நம்பு."

இதற்கு உலகம் கொடுத்த விலை ஹப்பிள் தொலைநோக்கி. 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் முதன்மைக் கண்ணாடியை பெர்க்கின்-எல்மர் நிறுவனம் மெருகேற்றியபோது, வடிவத்தைச் சோதிக்க மிக நுட்பமான ஒளியியல் கருவி ஒன்றைச் செய்துகொண்டது. அந்தக் கருவிக்குள் இருந்த ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. பொருத்தியபோது லென்ஸ் குறித்த இடத்துக்கு வராததால், இடையில் வாஷர் கொடுத்துச் சரிக்கட்டினார்கள்; ஏன் வரவில்லை என்று தோண்டிப் பார்க்கவில்லை. தவறான கருவி சொன்னபடியே கண்ணாடி அப்பழுக்கில்லாமல் தவறாக மெருகேறியது. ஓரத்தில் பிழை சுமார் 2.2 மைக்ரான். எளிமையான வேறு இரண்டு சோதனைகள் இந்தப் பிழையைக் காட்டவே செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று சொல்லி அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன பிறகுதான் படங்கள் மங்கலாக வருவது தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த வேண்டியதாயிற்று.

முரண்பாடு வந்தால் அது தொந்தரவல்ல, இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை. பட்டறையில் ஸ்லிப் கேஜை நடுவராக வைத்து இரண்டு கருவிகளையும் சோதிக்கப் பத்து நிமிடம் போதும்.

ஐந்து: "நூற்றுக்கு நூறு அளந்தால் தரம் உறுதி."

நூறு சதவீதச் சோதனை நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும், கெட்டதைக் குறைக்காது. ரிஜெக்ட் ஆன ஜாபில் பொருளும் மின்சாரமும் இயந்திர நேரமும் ஏற்கெனவே போய்விட்டன. கையால் அளப்பதென்றால் இரவு ஷிப்டில் ஆயிரமாவது ஜாபை அளக்கும் கண், முதல் ஜாபை அளந்த கண் அல்ல. எல்லையை ஒட்டிய ஜாபில் அளவுப் பிழையும் சேர்ந்துகொண்டு நல்லதைத் தள்ளும், கெட்டதை ஏற்கும்.

அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் 1924-ல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கு மாற்று வழி காட்டியது. லேத்தில் இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகும். மணிக்கு ஐந்து ஜாபை அளந்து தாளில் குறித்தால், எல்லையைத் தொடும் முன்பே அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், ஆஃப்செட்டை மாற்றிவிடலாம். மொத்தமாகச் சோதிப்பதைச் சார்ந்திருக்காதீர்கள் என்று தர மேலாண்மை அறிஞர் டெமிங் தம் 14 கோட்பாடுகளில் ஒன்றாகவே வைத்தார். பிரேக் போன்ற உயிர் சார்ந்த பாகங்களில் ஒவ்வொன்றையும் சோதிப்பது அவசியம்தான். அங்கேயும் அது கடைசி அரண், முதல் அரண் அல்ல.

ஆகவே அடுத்த முறை கருவிக்குக் கடன் விண்ணப்பம் எழுதும் முன், கையில் இருக்கும் கருவிகளைக் கொண்டு ஒரு 'ஆர் அண்ட் ஆர்' சோதனை நடத்திப் பாருங்கள். பிழை கருவியில் என்று தெரிந்தால் தாராளமாகப் புதியது வாங்கலாம். சூட்டிலோ, பிடிக்கும் முறையிலோ, தேய்ந்த இன்சர்ட்டிலோ இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் புதிய கருவி அதே தவறைக் கூடுதல் தசமத்தோடு காட்டும்.