விலையில்லா ஆட்டக்காரர்

ஜூன் மாதம் வந்தால் எங்கள் கூட்டத்தில் ஒரு சண்டை உறுதி. ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ஆம் தேதியோடு முடியும். ஒப்பந்தம் தீர்ந்து, வேறெங்கும் கையெழுத்து போடாமல் நிற்கும் ஆட்டக்காரர்களின் பட்டியலை எவனாவது ஒருத்தன் எடுத்து வருவான். நாங்கள் ஆறு பேர். ஒரே பொறியியல் கல்லூரி, எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது, எல்லோருக்கும் மென்பொருள்தான் பிழைப்பு. நான்கு பேர் ஆர்சனல், ஒருவன் லிவர்பூல், இன்னொருவன் மான்செஸ்டர் யுனைடெட்.

"மச்சி, இவன எடுத்துடலாம்டா."

"முப்பத்திரெண்டு வயசுடா அவனுக்கு."

"இருக்கட்டுமே. ஃப்ரீயாதான வர்றான். நமக்கு என்ன போகுது?"

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. பல வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். இது தப்பான கணக்கு என்பது ஒரு பக்கம். தப்பான கணக்கோடு ஒரு தப்பான மனசும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நம் ஊரில் 2011-க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் 'விலையில்லா' என்ற அடைமொழியோடு வீடுவீடாக வந்தன. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் அந்த கிரைண்டர் ஓடியது. ஆனால் வாங்குபவருக்கு விலையில்லாத பொருளுக்கு எங்கோ யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது கிரைண்டரில் மாவு எடுத்த எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியும். என்ஜினியரிங் படித்த நமக்கு, கால்பந்து என்று வந்தால் மட்டும் அது மறந்துபோகிறது.

ஒரு ஆட்டக்காரரை இன்னொரு கிளப்பிலிருந்து வாங்கினால், கொடுக்கும் தொகையை ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்து, வருடத்துக்கு இவ்வளவு என்றுதான் கிளப்பின் ஏட்டில் எழுதுவார்கள். உதாரணத்துக்கு 24 வயதுப் பையன் ஒருவன். விலை 30 மில்லியன் பவுண்டு, ஐந்து வருட ஒப்பந்தம், வாரம் 80,000 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு விலையில் 6 மில்லியன், சம்பளத்தில் 4.16 மில்லியன். ஆகமொத்தம் 10.16. இப்போது நம் 'ஃப்ரீ' ஆள். 32 வயது, விலை பூஜ்யம். விலை பூஜ்யம் என்பதாலேயே அவருடைய ஏஜென்ட் வாரம் 2,00,000 கேட்கிறார். வருடத்துக்கு 10.4 மில்லியன். இதோடு கையெழுத்துக்கான தனித்தொகை, ஏஜென்ட் கமிஷன். மூன்று வருடம் கழித்துப் பையனை விற்றால் ஏதாவது தேறும். பெரியவரை விற்க முடியாது, அவருக்கு அப்போது 35.

ஆக, காசு கொடுத்து வாங்கியதைவிட சும்மா வந்ததற்குச் செலவு அதிகம். இது நானாகப் போட்ட எண் என்றாலும், சந்தை வேலை செய்யும் விதம் இதுதான். விற்கும் கிளப்புக்குப் போக வேண்டிய பணம் காணாமல் போவதில்லை. அதில் ஒரு பங்கு ஆட்டக்காரர் பைக்கும் ஏஜென்ட் பைக்கும் போகிறது. ஆட்டக்காரருக்குப் போவதில் எனக்கு வருத்தமே கிடையாது. அதை 'ஃப்ரீ' என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உதாரண எண்ணை விட்டு உண்மைக்கு வருவோம். ஆர்சனல் ரசிகன் என்பதால் என் வீட்டு அழுக்கையே முதலில் துவைக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 5. கொரோனாவால் வருமானம் விழுந்துவிட்டது, 55 பேரை வேலையிலிருந்து அனுப்பப்போகிறோம் என்று ஆர்சனல் அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் ஆட்டக்காரர்கள் 12.5 சதவீதம் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்களில், ஊர் ஊராகப் போய் நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆகஸ்ட் 14, அதாவது ஒன்பதே நாள் கழித்து, செல்சியில் ஒப்பந்தம் முடிந்து வந்த வில்லியனை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தோம். அந்த வாரம்தான் அவருக்கு 32 வயது முடிந்திருந்தது.

எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு என்ன பேசினோம் என்று நினைவிருக்கிறது. "செல்சிக்காரன் ஒருத்தன ஃப்ரீயா தூக்கிட்டோம்டா" என்று கும்மாளம். அந்த 55 பேரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்டோபரில் கிளப்பின் டைனோசர் வேடம் கட்டுபவரின் வேலையும் போகிறது என்று செய்தி வந்தபோது மட்டும் எல்லோரும் பொங்கினோம். அவருக்கான சம்பளத்தைத் தானே தருவதாக மெசுட் ஓசில் சொன்னார், அதற்கும் கைதட்டினோம். பொம்மைக்கு முகம் இருந்தது, அழுதோம். 55 என்பது வெறும் எண்.

வில்லியன் அந்த சீசனில் 25 லீக் ஆட்டங்கள் ஆடி ஒரே ஒரு லீக் கோல் அடித்தார். 2021 ஆகஸ்டில் இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன, அவர் பிரேசிலுக்குத் திரும்பினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தார்கள், வாங்கினார். சரிவரவில்லை என்று தெரிந்ததும் மிச்சம் இரண்டு வருடத்தையும் பெஞ்சில் உட்கார்ந்து கழிக்காமல் கிளம்பினார். கோபமெல்லாம் 'நமக்கு என்ன போகுது' என்று சொன்ன நம் மேல்தான். போனது என்ன என்று இப்போதாவது தெரிகிறதா?

உடனே லிவர்பூல் நண்பன் குறுக்கே வருவான். "அப்ப மில்னர்? மாடிப்? ரெண்டு பேரும் ஃப்ரீயா வந்தவங்கதான? சாம்பியன்ஸ் லீகே ஜெயிச்சோமேடா."

உண்மை. அதை மறைத்தால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை. மில்னர் 2015-லும் மாடிப் 2016-லும் விலையில்லாமல் லிவர்பூலுக்கு வந்தார்கள், 2019-இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள். 2011-இல் மிலான் போதும் என்று விட்ட பிர்லோவை யுவென்டஸ் எடுத்தது, அவர் இருந்த நான்கு சீசனும் இத்தாலிய லீக் பட்டம் அவர்களுக்குத்தான். லெவன்டாவ்ஸ்கி 2014-இல் டோர்ட்முண்டிலிருந்து பயர்னுக்குப் போனது இதே வழியில்.

ஆனால் இவர்கள் யாரும் 'ஃப்ரீ' என்பதால் நன்றாக ஆடவில்லை. யுவென்டஸுக்கு நடுக்களத்தில் நின்று நீளமாகப் பந்து பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, பிர்லோ அந்த ஆள். முதலில் ஓட்டை எங்கே என்று பார்த்தார்கள், அப்புறம் அடைக்க ஆள் தேடினார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். கையில் ஒரு பெயர்ப் பட்டியல், அதில் பழக்கமான பெயர் ஒன்று. அவரை எங்கே ஆடவைப்பது என்று அப்புறம் யோசிப்பது. தள்ளுபடி விற்பனையில் அளவு பார்க்காமல் சட்டை எடுத்து வந்து, பீரோவில் மடித்து வைப்பதுபோல.

இதுவரை கணக்கு. இனி மனசு.

2001-இல் சோல் கேம்பல் டாட்டன்ஹாமில் ஒப்பந்தம் முடிந்து, பைசா விலையில்லாமல், பக்கத்துத் தெரு எதிரியான ஆர்சனலுக்கு வந்தார். டாட்டன்ஹாம் ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள், வருடக்கணக்கில் ஏசினார்கள். 2003-04 சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காத எங்கள் அணியின் தடுப்புச் சுவர் அவர். எங்களுக்கு அவர் தெய்வம். நியாயம் எங்கே இருக்கிறது? ஒரே ஆள், ஒரே செயல். நம் பக்கம் வந்தால் சாமர்த்தியம், நம் பக்கமிருந்து போனால் துரோகம்.

லிவர்பூல் நண்பனும் தப்ப முடியாது. டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ஆறு வயதில் அந்தக் கிளப்பின் அகாடமியில் சேர்ந்தவர். ஜெயிக்க வேண்டிய பெரிய கோப்பைகளையெல்லாம் அங்கேயே ஜெயித்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் போகிறேன் என்று 2025 மே மாதம் அறிவித்தார். அடுத்த சில நாளில் ஆன்ஃபீல்டில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது அவருடைய சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியே அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. அன்றைக்கு என் நண்பன் சொன்னது: "இருபது வருஷம் வளர்த்தோம்டா. ஒரு பைசா தராம போறான் பாரு."

மாடிப் வந்தபோது ஷால்கவுக்கு லிவர்பூல் எத்தனை பைசா தந்தது என்று கேட்டேன். அவரும் சின்ன வயதிலிருந்து ஷால்கவில் வளர்ந்தவர்தான். பதில் இல்லை, டீ மட்டும் தீர்ந்தது.

இதில் ரசிகன் மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. 'ஃப்ரீ' என்ற சொல் கால்பந்தில் விலையை மட்டும் குறிப்பதல்ல. விடுதலையையும் குறிக்கும். அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். 1960-இல் ஜார்ஜ் ஈஸ்தம் நியூகாசிலை விட்டுப் போக வேண்டும் என்றார். அப்போதைய இங்கிலாந்து முறைப்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் போக முடியும். ஆடாமல் வெளியே வந்து கார்க் விற்கும் வேலை பார்த்தார். கடைசியில் ஆர்சனலுக்கு விற்றார்கள். அப்புறமும் அவர் விடவில்லை. வழக்கு நடந்தது, அந்த முறை நியாயமற்ற தொழில் தடை என்று 1963-இல் தீர்ப்பு வந்தது.

அடுத்தது பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மன். 1990-இல் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் சம்பளத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். பிரான்ஸில் டன்கர்க் கிளப் அவரை எடுக்கத் தயார். ஆனால் மாறிப்போவதற்கான சர்டிஃபிகேட் போய்ச் சேரவில்லை. டன்கர்க் பணம் தருமா என்று லியேஜுக்குச் சந்தேகம், அதனால் அதை அனுப்பச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஒரு மனிதன் வேலைக்குப் போக முடியாமல் நின்றான். ஐந்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்திருந்தது. குடி, மனச்சோர்வு, பணக்கஷ்டம் என்று போன பிந்தைய வருடங்களைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். இன்றைக்கு 'ஃப்ரீ' பட்டியலில் நிற்கும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் அவர் கொடுத்த விலையில்தான் நிற்கிறார்.

அந்த சர்டிஃபிகேட் கதையை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் வேலையில் இரண்டு வருட பாண்ட். பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தேன். இரண்டு வருடம் முடிந்து, நோட்டீஸ் காலமும் முடிந்து, வேறு இடத்தில் வேலையும் கிடைத்த பிறகு, மார்க்‌ஷீட்டுக்காக ஐந்து வாரம் நடந்தேன். "சார் லீவுல இருக்காரு", "பிராசஸ்ல இருக்கு தம்பி." புதிய இடத்தில் சேரும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள், மூன்றாவது முறை தள்ள மாட்டோம் என்றார்கள். அந்த ஐந்து வாரம் அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தினமும் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். எங்கள் ஆறு பேரில் இதுமாதிரி ஒரு கதை இல்லாதவன் யாருமில்லை. நோட்டீஸ் காலத்தைக் காசு கொடுத்து முடித்தவன், ரிலீவிங் லெட்டருக்கு அலைந்தவன் என்று எல்லோரும் உண்டு. கேம்பலையும் டிரென்ட்டையும் துரோகி என்பவர்களும் நாங்களேதான்.

"விளையாட்டாப் பேசறதுக்கு இவ்ளோ பெரிய பிரசங்கமா?" என்று கேட்கலாம். பேசுங்கள். பட்டியலைப் பிரித்து வைத்து விடியவிடியப் பேசுங்கள், அந்தச் சுகம் எனக்கும் வேண்டும். ஆனால் மூன்று கேள்வியோடு பேசுவோம். அணியில் ஓட்டை எங்கே? இந்த ஆளுக்கு வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்படும்? நம் ஆள் ஒருவன் நாளை இதே மாதிரி போனால், இன்று சொல்கிற அதே வார்த்தையைச் சொல்வோமா?

மூன்றாவது கேள்வியை அடுத்த சனிக்கிழமை லிவர்பூல்காரனிடம் திரும்பக் கேட்கப்போகிறேன். டீ என் செலவு.